நான்கு விரல் தூரம்

வீட்டில் இருந்தபடியே பாட்டு நிகழ்ச்சி செய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான். எனக்கோ மைக்குக்கு முன்னால் ஊசியைப் பற்றிச் சொல்லத் தோன்றும். ஊசி என்று வாயெடுத்தால் சித்தப்பா வந்துவிடுவார்.

சித்தப்பா மாயவரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் கோயில் காப்புக்கட்டு, கட்சிக் கூட்டம், எதுவானாலும் முதல்நாள் மாலையே அவருடைய மாட்டு வண்டி கிளம்பிவிடும். இரண்டு ஹாரன், ஆம்ப்ளிபயர், வளையம் வளையமாகச் சுருட்டிய ஒயர், கனத்த பேட்டரி, எல்லாம் ஏறிய பிறகு ஒரு பழைய போர்வையை விரித்து அதன்மேல் ரெக்கார்டு பெட்டி. அந்தப் பெட்டியை ஒருக்களித்து வைக்கக்கூட விடமாட்டார். தட்டுகள் நின்றவாக்கில்தான் இருக்க வேண்டும். படுக்கப் போட்டால் ஒன்றின் பாரம் இன்னொன்றின்மேல் ஏறி, கோடை வெயிலில் வளைந்துவிடும். தென்னையில் ஹாரனைக் கட்டி, விடியுமுன் முதல் தட்டாகச் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டைப் போடுவார். அது கேட்ட பிறகுதான் ஊரில் விசேஷம் தொடங்கியதாகக் கணக்கு.

அந்த வண்டியில் எனக்கும் இடம் உண்டு. "பொம்பளப் புள்ளைய எதுக்குடா ஊரூரா இழுத்துக்கிட்டுப் போற?" என்று பாட்டி கேட்பாள். "பாப்பாதாம்மா தட்டு பாத்து எடுத்துக் குடுக்குது" என்பார். உண்மைதான். உறையில் எழுதியிருப்பதைப் படித்து, கேட்ட தட்டை விளிம்பு பிடித்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. பள்ளத்தில் விரல் பட்டால் கண்ணாலேயே அதட்டுவார். பெட்டியின் முன்வரிசையில் அன்றைய சினிமாப் பாட்டுகளின் சின்ன 45 தட்டுகள். பின்வரிசையில் கனமான, கறுத்த, பழைய 78 தட்டுகள். அவற்றைக் கூட்டம் கேட்காது. சாப்பாட்டுப் பந்தி முடிந்து, பந்தல் காலியான பிறகு, ஹாரனின் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுத் தமக்காக ஒன்று போட்டுக்கொள்வார். பெரும்பாலும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி.

தோடி போடுவதற்கு முன் ஒன்று செய்வார். பிக்கப் தலையில் ஒரு சிறிய நெம்பு இருக்கும். அதைத் திருப்பினால் ஒரு ஊசி மேலே போய் இன்னோர் ஊசி கீழே வரும். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "அந்தக் காலத்துத் தட்டுல பள்ளம் அகலம் பாப்பா. மெல்லிசு ஊசிய வச்சா அடியில போய் மண்ணைக் கிளறும். பாட்டு ரெண்டு பக்கச் சுவத்துலதான் இருக்கு."

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டுக்கான ஊசியின் முனை, ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு அளவு, அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. 78 தட்டுக்கு வேண்டியது அதுபோல் மூன்று பங்கு. மெல்லிய ஊசி அந்த அகலப் பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் இறங்கி, எழுபது எண்பது வருஷத்துத் தூசியையும் தேய்மானத்தையும் வாசிக்கும். கேட்பவர்கள் "பழைய தட்டு, அப்படித்தான் கரகரக்கும்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். பல தட்டுகள் அவ்வளவு மோசமில்லை. அவற்றுக்குரிய ஊசி கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சித்தப்பா போன பிறகு பெட்டி என்னிடம் வந்தது. ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், நண்பர்கள் சிலர் நடத்தும் இணைய வானொலிக்கு வாரம் ஒரு மணி நேரம் அந்தத் தட்டுகளை வைத்து நிகழ்ச்சி செய்யச் சம்மதித்தேன். நாதஸ்வரம், நாடக மேடைப் பாட்டு, பழைய கச்சேரித் தட்டுகள். கும்பகோணத்தில் வீட்டு மாடியில் பத்துக்குப் பத்து அறை. இனி எல்லாம் கருவியைப் பொறுத்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே நுழைந்தால் இருபுறமும் ஒயரும் பலகையும் பெட்டியும் தோரணமாகத் தொங்கும் அந்தச் சந்தில், நான் முதலில் கேட்டது 78 வேகம் ஓடும் பிளேயரும் அதற்கு மாட்டும் தடித்த ஊசியும். கடைப் பையன் நல்ல பிள்ளை. "அம்மா, ரேடியோ நிகழ்ச்சின்னீங்களே, மைக் பாக்கலியா?" என்று ஒரு கண்டென்சர் மைக்கை எடுத்து வைத்தான். பளபளவென்று, ஸ்டுடியோப் படங்களில் பார்ப்பது போலவே இருந்தது. "மைக் அப்புறம் தம்பி. ஊசி இருக்கா?" ஒரு கடையில் இல்லை, இன்னொரு கடையில் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள்.

இப்போது விற்கிற பிளேயர்களில் பலவற்றுக்கு 33, 45 ஆகிய இரண்டு வேகங்களே உண்டு. மூன்றாவது வேகம் இருப்பவற்றிலும் பெட்டிக்குள் வருவது எல்.பி. ஊசிதான். ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்: 78 ஓடுமா? ஊசியை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா? வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைக்கும் தள்ளுவிசை இருக்கிறதா? இந்த மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாதஸ்வரத் தட்டு போடுகிறவருக்கு அதுதான் உயிர்.

ஏனென்றால் 78 என்பது பெயரளவுக்கு 78. பழைய கம்பெனிகள் எல்லாம் ஒரே வேகத்தில் பதியவில்லை. எழுபதுக்குச் சற்று மேலும் எண்பதுக்குச் சற்று மேலுமாக வேறுபட்டிருக்கிறது. இரண்டு சுற்று வித்தியாசம் என்றால் சுருதி அரைக்கட்டையில் பாதி நகர்ந்துவிடும். ராஜரத்தினம் பிள்ளை காலத்தில்தான் உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் திமிரி நாயனத்தின் இடத்தைக் கீழ்ச்சுருதியில் கம்பீரமாகப் பேசும் பாரி நாயனம் பிடித்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைவேலை அது. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாரிக்காக அவ்வளவு பேர் உழைத்திருக்க, பிளேயரைத் தப்பான வேகத்தில் ஓட்டி அதைத் திமிரியாக்கிக் கேட்கலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. தம்புரா ஒலியைப் பக்கத்தில் ஓடவிட்டு, தட்டின் ஆதார ஸட்ஜம் நிற்கும் இடம் பார்த்து, தள்ளுவிசையை மெல்ல நகர்த்துவேன்.

அதற்கும் முன்னால் பிளேயர் உண்மையிலேயே 78இல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். சித்தப்பாவிடம் வட்டமான ஓர் அட்டை இருந்தது. விளிம்பில் 77 கறுப்புக் கோடுகள். அதைச் சுழலும் தட்டின்மேல் வைத்துக் குழல் விளக்கடியில் பார்த்தால், சரியான வேகத்தில் கோடுகள் நகராமல் நிற்கும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது, விளக்கு 100 முறை மினுக்குகிறது. கணக்குப் போட்டால் 77 கோட்டுக்கு 77.92 சுற்று வரும். அமெரிக்காவில் 60 அலை என்பதால் அங்கே 92 கோடு. இப்போதைய எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் மினுக்கல் இல்லாததால் இந்த அட்டை வேலை செய்யாது. அதற்காகவே ஒரு பழைய குழல் விளக்கைச் சோக்குடன் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தட்டிலிருந்து ஒலி கணினிக்குள் போகும் வழியில் இன்னும் சில உண்டு. 1954இல் அமெரிக்காவில் ஒரு பதிவு அளவை, ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்பார்கள், ஏற்பட்டு, பின்னர் உலகம் முழுவதற்கும் பொதுவானது. இன்றைய பிரீ-ஆம்ப் எல்லாம் அந்தக் கணக்கில்தான் அடிக்குரலை ஏற்றி, மேல்குரலை இறக்கித் தருகின்றன. அதற்கு முந்திய தட்டுகளைக் கம்பெனிக்கொரு கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் பதிவுசெய்த பிறகு இதைத் திருத்திக்கொள்ளலாம். மற்றொன்று இன்னும் எளிது. 78 தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. ஊசி மேலும் கீழும் குதிப்பது வெறும் சத்தம். ஆகவே இடது வலது இரண்டையும் சேர்த்து மோனோவாக்கினால், குதிப்பின் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பெருமளவு மறைகிறது. காசு செலவில்லை. இதைச் செய்தபோது தோடியின் காந்தாரம் இருந்த இடத்திலேயே நின்றபடி அசைவதைக் கேட்டேன். பந்தல் காலியான பின் கேட்ட அதே அசைவு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஓரிரவு முழுக்க ஒரே ராகத்தை விரிக்கக்கூடிய மனிதர், அந்த மூன்று நிமிடத்துக்குள் தோடியின் முகம், தோள், நடை எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்.

இந்த நேரக்கணக்கு என்னைக் கேசட் காலத்துக்கு இழுக்கிறது. எண்பதுகளில் எங்கள் பக்கத்து ஊர்களில் கடைத்தெருவுக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் முளைத்தது. வெற்று கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். பட்டியல் எழுதுவது எங்கள் வீட்டில் ஒரு தனி வேலை. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, சோகத்துக்குப் பின் உடனே துள்ளல் போடலாமா, பக்கம் முடியும் இடத்தில் பாட்டு பாதியில் அறாமல் எப்படிக் கணக்கு வைப்பது என்று அக்காவும் நானும் மணிக்கணக்கில் பேசுவோம். இன்று என் நிகழ்ச்சிக்கு வரிசை போடும்போது கை தானாக அந்தப் பழக்கத்தில்தான் போகிறது.

கேசட்டிலிருந்து ஒட்டிக்கொண்ட இன்னொரு பழக்கத்தை மட்டும் விட வேண்டியிருந்தது. பிலிப்ஸ் 1963இல் கொண்டுவந்த அந்தச் சிறிய நாடா விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டர்கூட நகராது. அதனால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் எப்போதும் அடியில் ஓடும். அதை அமுக்க, அளவுமுள் சிவப்பைத் தொட்டுத் தொட்டு வரும்படி சத்தமாகப் பதிவார்கள். நாடா சிவப்பைப் பொறுத்துக்கொள்ளும். கணினி பொறுக்காது, உச்சக் கோட்டைத் தாண்டிய நொடியே ஒலி வெட்டுப்படும், வெட்டுப்பட்டது திரும்பாது. 24 பிட்டில் பதிந்தால் அடியில் நாடா இரைச்சலே இல்லை என்பதால் பயந்து ஏற்ற வேண்டியதும் இல்லை. என் குரலின் உச்சம், மேல்கோட்டுக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி விட்டுவிடுகிறேன். சித்தப்பா இருந்தால் "என்ன இவ்ளோ கம்மியா வச்சிருக்கே?" என்றுதான் கேட்டிருப்பார்.

மைக்குக்கு வருகிறேன். சென்னையில் இருக்கும் தம்பி மகன் தன்னுடைய கண்டென்சர் மைக்கைக் கொஞ்சநாள் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தான். "அத்தை, இது ரொம்ப சென்சிடிவ். நீங்க மெதுவா பேசினாலே போதும்." அவன் சொன்னது அத்தனையும் உண்மை. நான் மெதுவாகப் பேசியது கேட்டது. மின்விசிறி கேட்டது. பக்கத்து வீட்டு மிக்ஸி கேட்டது. மொட்டை மாடிச் சுவரில் காகம் வந்து உட்கார்ந்தது, கோயில் மணி, தெருமுனையில் திரும்பும் பஸ், எல்லாம் கேட்டது. அதற்கு 48 வோல்ட் மின்சாரம் ஒயர் வழியாகவே போகிறது. மெல்லிய சவ்வு எந்தச் சலனத்தையும் விடாது. சுவரெல்லாம் பஞ்சடைத்த, குளிரூட்டிய ஸ்டுடியோவில் அது தேவதை. கதவு ஜன்னல் திறந்தே வாழ்கிற நம் வீட்டில், வீட்டையே எடுத்து ஒலிபரப்பிவிடும்.

சித்தப்பாவின் மைக் அப்படியில்லை. கனமான உலோகப் பிடி, தலையில் வலைக்கூடு. பேசுகிறவர் தள்ளி நின்றால் ஒன்றும் ஏறாது. கூட்டத்தில் புதிதாகப் பேச வருகிறவர்கள் அதை ஊதியும் தட்டியும் பார்ப்பார்கள். "ஊதாதீங்கய்யா, பேசிப் பாருங்க" என்று ஓடுவார். பிறகு அவர்கள் மோவாய்க்கும் மைக்குக்கும் நடுவே தம் கையின் நான்கு விரலைப் படுக்கவைத்து அளந்துவிட்டு, "இங்கயே நில்லுங்க" என்பார். அமைச்சர் வந்தாலும் அதே நான்கு விரல்தான்.

அந்த அளவுக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறைகிறது. அறையின் எதிரொலியும் மின்விசிறியும் குறைவதில்லை, அவை எல்லாத் திசையிலிருந்தும் வருகின்றன. ஆகவே ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பேசினால் கேட்பவருக்கு முதலில் எட்டுவது அறை. நான்கு விரலில் பேசினால் குரல். ஒருபக்கம் மட்டும் கேட்கிற மைக்கில், கார்டியாய்ட் என்பார்கள், இவ்வளவு நெருங்கும்போது அடிக்குரலும் சற்றுத் தடிக்கும். என்னைப்போல் மெல்லிய குரல்காரருக்கு அது நல்ல துணை.

கடைசியில் நான் வாங்கியது டைனமிக் மைக். ஷூர் கம்பெனியின் எஸ்.எம். 58. 1966இல் வந்த மாடல், இன்னும் அதே உருவில் விற்கிறது. கோயில் திருவிழா மேடையில் ஐஸ்கிரீம் கூம்பு மாதிரி நீங்கள் பார்த்திருப்பீர்கள். முதுகுப் பக்கத்தை அது ஏறக்குறையக் கேட்பதே இல்லை. ஆகையால் ஜன்னலுக்கு அதன் முதுகைக் காட்டி, நான் உள்சுவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து உட்காருகிறேன். எனக்குப் பின்னால் துணி அலமாரி திறந்தபடி, பட்டுப்புடவையும் கம்பளியுமாக. குரல் பின்னால் போய் மோதித் திரும்புவதை அது விழுங்கிவிடுகிறது. பக்கவாட்டில் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்திருக்கிறேன். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டலாம் என்று பலர் யோசனை சொல்வார்கள். அதனால் பயன் மிகக் குறைவு. அட்டை மெலிது, ஒலியை விழுங்கத் தடிமனும் நுண்துளையும் வேண்டும். முட்டை அட்டைக்கு அலைவதைவிட வீட்டில் இருக்கிற மெத்தையைத் தூக்கி நிறுத்துவது மேல்.

டைனமிக் மைக்கில் ஒரு சிரமம் உண்டு, மறைக்கக் கூடாது. அதன் வெளியீடு மிகச் சன்னம். கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் நல்ல வலிமையோடு, 55, 60 டெசிபல் வரை, இரைச்சல் சேர்க்காமல் அதைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். மைக்கின் பெயரைப் பார்த்து வாங்கிவிட்டு, மலிவான இன்டர்ஃபேஸில் குத்தினால் குரலோடு இரைச்சலும் ஏறும். இரண்டு வழி இன்டர்ஃபேஸே எனக்குப் போதும் என்று முடிவு செய்தேன். தட்டுகளை ஒருநாள் பதிவேன், குரலை இன்னொரு நாள். நான்கு, எட்டு வழி என்று பெரிய மிக்சர் வாங்குவது மேடை நடத்துகிறவர்களுக்கு. ஒரே ஒரு வாய்க்கு எட்டு வாசல் எதற்கு?

கேட்பதற்கு, காதை முழுதாக மூடும் ஹெட்போன். திறந்த வகை என்றால் பாட்டு கசிந்து மைக்கில் ஏறும். பேசத் தொடங்குமுன் அடுத்த தட்டின் முதல் அரை நிமிடத்தை அதில் கேட்டுக்கொள்வேன். அப்போதுதான் குரல் அந்த ராகத்தின் பக்கமாகத் தானே திரும்புகிறது. கேட்காமல் பேசினால், பேச்சு ஒரு ஊரிலும் பாட்டு வேறு ஊரிலும் நிற்கும்.

இன்னும் ஒன்று மின்சாரம். மின்தடை வந்து இன்வெர்ட்டர் ஓடினால், சதுர அலை வகையாக இருந்தால், 'கிர்' என்ற ரீங்காரம் பதிவில் புகும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடவிட்டாலே பல ரீங்காரங்கள் ஓய்கின்றன. பதிவு செய்யும் நேரம் விடியற்காலை நான்கரை. காகம் எழுவதற்கும் மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி பாடத் தொடங்குவதற்கும் முன்னால். மின்விசிறியை நிறுத்த வேண்டும். சித்திரை வைகாசியில் வியர்த்துக் கொட்டும். வேறு வழியில்லை. பதிந்த பிறகு மென்பொருளால் மின்விசிறியை எடுத்துவிடலாம் என்று சொல்வார்கள். எடுக்கலாம். கூடவே குரலின் மூச்சும் கொஞ்சம் போய்விடும். திரிந்த பாலில் ஏலக்காய் போடுகிற காரியம் அது.

என் நோக்கில் செலவின் ஒழுங்கு இதுதான். ஒலி முதலில் எதைத் தொடுகிறதோ அங்கே கவனத்தையும் காசையும் வை. தட்டின் பள்ளத்தைத் தொடும் ஊசி. குரலைத் தொடும் காற்று, அதாவது அறையும் தூரமும். அந்த முதல் தொடுகையில் தவறியதை, பின்னால் எவ்வளவு விலைக் கருவியும் மீட்டுத் தராது.

தமிழில் அறிவிப்புச் செய்கிறவர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. பாட்டு, பாடியவர், படம், பல்லவி, பக்கவாத்தியம். நாம் அதிகம் உச்சரிக்க வேண்டிய சொற்களெல்லாம் உதடு மூடித் திறக்கும் 'ப'வில் தொடங்குகின்றன. ஒவ்வொரு 'ப'வுக்கும் ஒரு காற்றுக் குண்டு கிளம்பி மைக்கின் சவ்வில் மோதி 'டப்' என்கிறது. சித்தப்பா மைக் தலையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டிவிடுவார். இப்போது அதற்குப் பாப் ஃபில்டர் என்று வட்டச் சட்டத்தில் வலைத்துணி விற்கிறார்கள். அது நல்லதுதான். அதைவிட நல்லது மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்தின் பக்கமாகச் சற்றுச் சாய்த்து வைப்பது. காற்று நேராகப் போய்விடும், குரல் மட்டும் மைக்குக்குப் போகும்.

இந்தப் 'ப'வை எங்கள் தலைமுறைக்கு அழகாகச் சொல்லிக் கொடுத்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். இலங்கை வானொலி. திருச்சி வானொலி 1939 முதலே எங்களுக்கு உண்டு, அதன் நாதஸ்வர ஒலிபரப்புக்காகச் சித்தப்பா வேலையை நிறுத்திவிட்டு உட்காருவார். ஆனால் வீட்டுப் பெண்களும் கடைப் பையன்களும் நாளெல்லாம் திருப்பி வைத்திருந்தது கொழும்பைத்தான். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத். காலையில் 'பொங்கும் பூம்புனல்' தொடங்கினால் தெரு முழுக்க ஒரே குரல் நடந்து போகும். டெல்டாவின் கடற்கரை ஓரத்தில் அது உள்ளூர் நிலையம்போலத் தெளிவாகக் கேட்கும். நாங்கள் சற்று உள்ளே இருந்ததால் மாலையில் அலை ஏறியும் இறங்கியும் வரும். அவர்கள் கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை. அடுப்படியில் ரேடியோ வைத்திருக்கிற ஒரே ஒருவரிடம் பேசினார்கள். அந்த நெருக்கத்தை நான் கருவிப் பட்டியலில் தேடிப் பார்த்திருக்கிறேன், எந்தக் கடையிலும் இல்லை. அது நான்கு விரல் தூரத்தில், சத்தம் போடாமல், எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசினால் வருகிறது. மைக் அதற்கு இடம் கொடுத்தால் போதும். அக்காவின் முகத்தை நினைத்துக்கொண்டு பேசுகிறேன்.

பாட்டு போடுகிற எவரும் உரிமை விஷயத்தைத் தெரிந்துகொண்டுதான் தொடங்க வேண்டும். நம் சட்டப்படி ஓர் ஒலிப்பதிவின் உரிமை, அது வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். ஆகவே ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறையும் முன் வெளிவந்த ராக ஆலாபனைத் தட்டில் எனக்குத் தடையில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தவர், அவருடைய நாடகப் பாட்டும் அப்படியே. ஆனால் தியாகராஜ பாகவதர் பாடிய பாபநாசம் சிவன் பாட்டு என்றால், தட்டு எவ்வளவு பழையதாக இருந்தாலும், சிவன் மறைந்தது 1973 என்பதால் 2033 முடியும்வரை பாட்டுக்கு உரிமையுண்டு. அதைப் போட அனுமதி வாங்க வேண்டும். வெளிநாட்டுக் கணக்கு வேறு. கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் இதற்கும் ஒரு பகுதி வைப்பதுதான் முறை. பாடலாசிரியரின் பேரப்பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது அது.

தட்டில் இல்லாத நாதஸ்வரமும் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கோயில்களில் இன்றும் சாயரட்சைக்கு வாசிக்கிறவர்கள் பலருக்கு ஒரு பதிவும் கிடையாது. அவர்களுக்காகக் கையடக்கப் பதிவுக்கருவி ஒன்று வாங்கினேன். தலையில் இரட்டை மைக்கோடு, இரண்டு சின்ன பேட்டரியில் ஓடும். சித்தப்பா, "நாயனத்துக்கு எதுக்கு மைக்கு?" என்பார். நாதஸ்வரமும் தவிலும் பிறந்ததே திறந்த வெளிக்கு. கருவியை அருகில் நீட்டினால் தவிலின் வலந்தலை அடியில் பதிவு சிதறிப்போகும். அளவை நன்றாகக் குறைத்து, நான்கு ஐந்து பாகம் தள்ளி, கல்மண்டபத்துக்குள் இல்லாமல் திறந்த பிராகாரத்தில் நின்று பதிகிறேன். குரலுக்குச் சொன்ன நான்கு விரல் இங்கே செல்லாது.

அப்படி ஒருநாள் வாசித்த முதியவர், முடிந்ததும் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "என் சீவாளி இவ்ளோ ஈரமாயிருக்கே, நீங்க சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் காதுக்கு அது கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. அடுத்த வாரம் சீவாளி மாற்றிக்கொண்டு மறுபடி வாசித்தார், மறுபடி பதிந்தோம்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் 78 தட்டு இருந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். அவை அரக்கால் ஆனவை, ஸ்பிரிட்டில் கரையும். உலர்ந்த மென்துணியால் வட்டப்போக்கில் துடைத்து, நிறுத்தி வையுங்கள். மெல்லிய ஊசியில் போட்டுப் பார்க்காதீர்கள். உங்கள் ஊரில் பழைய மைக் செட்காரர் யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள். எந்தக் கருவி வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டே காலம் கடத்த வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கையிலிருக்கும் போனை அவர் வாயருகே நான்கு விரல் தள்ளிப் பிடித்து, எந்தத் தட்டை எந்த விசேஷத்துக்குப் போட்டார் என்று கேளுங்கள். அவர்கள் எல்லாருக்கும் எழுபது தாண்டிவிட்டது.